புகை வந்த வழி

1963ஆம் ஆண்டின் செவ்ரோலே கார்வேர் மோன்சா ஸ்பைடர் கார் ஒன்று. இன்ஜின் பின்பக்கம், ஆறு சிலிண்டர், காற்றால் குளிரும் வகை. இன்ஜினின் முதுகில் ஒரு டர்போசார்ஜர். டெட்ராய்ட் பக்கம் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அந்த டர்போவை வீட்டுக் கொட்டகையில் தாமே பிரித்தார், சுத்தம் செய்தார், பேரிங் மாற்றினார், மறுபடி கோத்தார். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. கூடவே நீலப் புகையும் கிளம்பியது.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. என்னை இழுத்தது புகை வந்த நேரம். மிதியை முழுக்க அழுத்தி மேட்டில் ஏறினால் புகை இல்லை. சிக்னலில் நின்றால் புகை. இறக்கத்தில் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால், பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்கும் அளவுக்குப் புகை. கடுமையாக உழைக்கும்போது ஒழுங்காக இருக்கிற டர்போ, சும்மா இருக்கும்போது ஆயில் குடிக்கிறது. தேய்ந்துபோன இயந்திரம் பொதுவாக இதற்கு நேர்மாறாகத்தான் நடந்துகொள்ளும்.

பழைய இயந்திரங்களின் காகிதங்களைத் தேடிப் படிப்பது என் வேலை. ஒர்க்‌ஷாப் கையேடு, உதிரிபாகப் பட்டியல், காப்புரிமை ஆவணம், பொறியாளர்கள் எழுதிவைத்த நூல்கள். அவருக்கு ரிப்பேர் யோசனை சொல்ல ஊரில் பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேரும் பத்து விதமாகச் சொல்லியும் இருந்தார்கள். என்னிடம் அவர் கேட்டது வேறு: "இதை 1962இல் வடிவமைத்தவர்களுக்கு இந்தப் புகை வந்திருக்குமா? வந்திருந்தால் அது எந்தக் காகிதத்தில் இருக்கும்?" கேள்வி எனக்குப் பிடித்துவிட்டது.

காகிதத்துக்குப் போகும் முன் இரும்பைப் படித்தாக வேண்டும். டர்போவின் அமைப்பு எளிது. ஒரு ஷாஃப்ட், அதன் ஒரு முனையில் புகைப்போக்கி வாயு சுழற்றும் டர்பைன் சக்கரம், மறுமுனையில் காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர் சக்கரம், நடுவே ஆயிலில் மிதக்கும் பேரிங். வீட்டில் பிரித்துக் கோக்கிறவர் செய்யக்கூடிய ஒவ்வொரு தவறும் இந்தப் பொருள்களில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் போகும்.

முதல் ஸ்டார்ட்டில் ஆயில் வந்து சேருவதற்குள் ஷாஃப்ட் சுற்றிவிட்டால், பேரிங் உட்காரும் இடத்தில் எஃகு நீலமும் ஊதாவுமாக நிறம் மாறும். பேரிங்கின் வெண்கலம் ஷாஃப்ட்டில் ஒட்டியிருக்கும். இதனால்தான் கோத்து முடித்ததும் ஆயில் வரும் துளையில் நல்ல ஆயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றி, பிறகு இக்னிஷன் இல்லாமல் இன்ஜினை வெறுமனே சுழலவிட்டு, ஆயில் திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கேஸ்கட்டுக்குப் பதிலாகவோ கேஸ்கட்டோடு சேர்த்தோ சிலிகான் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசுகிறவர்கள் உண்டு. பிதுங்கிய பேஸ்ட் உள்ளே உடைந்து ஆயில் துளையில் போய் உட்கார்ந்தாலும் அதே நீல நிறம்தான். ஹவுசிங்கைப் பளபளப்பாக்க மணல் அல்லது கண்ணாடித் துகளை அடித்துச் சுத்தம் செய்து, உள்வழிகளைச் சரியாகக் கழுவாமல் விட்டால், பேரிங்கிலும் ஷாஃப்ட்டிலும் சுற்றிச் சுற்றி நுண்ணிய கோடுகள் விழும். முந்தைய டர்போ உடைந்தபோது குழாயில் தங்கிவிட்ட துணுக்கு புதுச் சக்கரத்தைக் கடித்தால் இறகுகளின் முன்விளிம்பு பல் போன மாதிரி ஆகிவிடும்.

சமநிலை தவறியிருந்தால் கதை இன்னும் மோசம். சிறு டர்போக்கள் நிமிடத்துக்கு 70,000 சுற்றை எளிதாகத் தொடும். அந்த வேகத்தில் மையத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி 1 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அது ஷாஃப்ட்டை ஏறத்தாழ 55 கிலோ எடைக்குச் சமமான விசையோடு ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் இழுக்கும். பத்தில் ஒரு பங்கு கிராம் என்றாலும் ஐந்தரை கிலோ. கம்ப்ரஸர் சக்கரத்தைக் கழற்றும் முன் அதற்கும் ஷாஃப்ட்டுக்கும் நட்டுக்கும் சேர்த்து ஓர் அடையாளக் கோடு போடச் சொல்வது இதற்காகத்தான். அதே கோணத்தில் திரும்பப் பொருத்தாவிட்டால் தொழிற்சாலையில் செய்த சமநிலை வீண். நட்டை முரட்டுத்தனமாக முறுக்கி மெல்லிய ஷாஃப்ட்டை இழை அளவு வளைத்துவிட்டாலும் அப்படியே. தடயம்: சக்கரம் ஹவுசிங்கின் சுவரை ஒரு பக்கமாக உரசிய பளபளப்பு.

டெட்ராய்ட்காரர் மறுபடி பிரித்து அனுப்பிய படங்களில் இவை எதுவுமே இல்லை. ஷாஃப்ட் வெள்ளை வெளேர். பேரிங்கில் கோடு இல்லை. இறகுகள் முழுசாக இருந்தன. டர்பைன் பக்கம் உலர்ந்து சாம்பல் நிறத்தில் இருந்தது. கம்ப்ரஸர் பக்கம் மட்டும், சக்கரத்தின் பின்முதுகு முழுக்க, ஆயில் நனைந்து மினுமினுத்தது. நோயே இல்லாத டர்போ ஒன்று ஒரே பக்கமாக ஆயிலை விட்டுக்கொண்டிருந்தது.

இந்த உலர்ந்த டர்பைன் எனக்கு ஒரு சந்தேக ஆளைக் கழித்துத் தந்தது. டர்போ ஆயில் ஒழுகுகிறது என்றால் அனுபவசாலிகள் முதலில் திரும்பும் வழியைப் பார்ப்பார்கள். பேரிங்கில் அழுத்தத்தோடு நுழையும் ஆயில், வெளியேறும்போது அழுத்தம் இல்லாமல், நுரையாக, தன் எடையால்தான் சம்ப்புக்கு இறங்க வேண்டும். அந்தக் குழாய் நசுங்கியிருந்தாலோ, கேஸ்கட் துளையை மறைத்திருந்தாலோ, பிஸ்டன் தேய்ந்து கிராங்க்கேஸில் வாயு அழுத்தம் ஏறியிருந்தாலோ நடு ஹவுசிங்கில் ஆயில் தேங்கும். தேங்கிய ஆயில் இரண்டு பக்கமும் வழியும். இன்ஜின் வேகமெடுத்து ஆயில் அழுத்தம் கூடும்போது இன்னும் அதிகமாக வழியும். இங்கே வழிந்தது ஒரு பக்கம்தான். அதுவும் இன்ஜின் ஓய்வில் இருக்கும்போது.

ஆக, கேள்வி சீலுக்கு வந்து நின்றது. அவர் சொன்ன ஒரு விவரம் இங்கேதான் முக்கியமானது. பிரித்தபோது கம்ப்ரஸர் பக்கம் பழைய கறுப்பு வளையம் ஒன்று கீறல் விட்டிருந்தது. அதற்கு மாற்று உடனே கிடைக்கவில்லை. இன்றைய டர்போக்களில் எல்லாம் பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய இரும்பு வளையம்தானே வருகிறது என்று, ஒரு லேத் பட்டறையில் இடம் வெட்டச் சொல்லி, அந்த வகை வளையத்தைப் போட்டுவிட்டார். பழைய கரித்துண்டைவிட இது நவீனமானது, உறுதியானது என்பது அவர் கணக்கு. கணக்கில் பொறியியல் குறையே இல்லை. அந்த இரும்பு வளையத்தோடு உலகமெங்கும் டர்போக்கள் சொட்டு ஆயில் விடாமல் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன.

அப்படியானால் அவை ஏன் விடுவதில்லை? இதற்கு விடை எந்த டர்போ கம்பெனியின் பயிற்சிக் கையேட்டிலும் இருக்கும். ஆனால் யாரும் நின்று படிப்பதில்லை. அந்த வளையம் ஹவுசிங்கோடு இறுகி அசையாமல் நிற்கும். ஷாஃப்ட்டில் வெட்டிய பள்ளம் அதைத் தொடாமல் சுற்றும். இடையே இடுக்கு உண்டு. ஆயிலை உண்மையில் தடுப்பது காற்றழுத்தம். ஓடுகிற டர்போவில் இரண்டு சக்கர அறைகளிலும் அழுத்தம் அதிகம், நடு ஹவுசிங்கில் குறைவு. எனவே காற்று எப்போதும் வெளியிலிருந்து உள்ளே கசியும். ஆயிலால் எதிர்த்து வர முடியாது. படம் விட்டுத் தியேட்டர் வாசலில் கூட்டம் வெளியே வந்துகொண்டிருக்கும்போது உள்ளே நுழைய முடியாதே, அதுபோல. கூட்டம் கலைந்துவிட்டால் அந்த வாசலில் பூட்டு எதுவும் இல்லை.

கார்வேரில் கூட்டம் எப்போது கலைகிறது? இதைத் தேடித்தான் நான் காகிதங்களுக்குள் போனேன்.

பழையதிலிருந்து தொடங்குவது என் வழக்கம். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் பூஹி 1905இல் ஜெர்மனியில் பதிவு செய்த 204630ஆம் எண் காப்புரிமையில் கம்ப்ரஸர், பிஸ்டன் இன்ஜின், டர்பைன் மூன்றும் ஒரே ஷாஃப்ட்டில் வரிசையாக நிற்கும். டர்போவின் பிறப்புச் சான்றிதழ் என்று எல்லோரும் கொண்டாடும் காகிதம் அது. எனக்கு அதில் வேண்டியது ஒன்றுதான்: அவர் மனத்தில் இருந்த டீசல் வகை இன்ஜினில் காற்றை மூடித் திறக்கும் த்ராட்டில் தேவையில்லை. காற்று தடையில்லாமல் நுழையும். எரிபொருளைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். த்ராட்டிலை மூடுவதால் கம்ப்ரஸர் அறையில் அழுத்தம் குறைய வழியே இல்லை. பூஹிக்கு இந்தப் புகை தெரிந்திருக்க முடியாது.

அடுத்து அமெரிக்க ஆகாய விமானக் காகிதங்கள். ஜெனரல் எலக்ட்ரிக்கின் சான்ஃபோர்ட் மாஸ் 1918இல் லிபர்ட்டி விமான இன்ஜினை ஒரு லாரியில் ஏற்றி, கொலராடோவின் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு, 14,000 அடிக்கு மேல் கொண்டுபோய் டர்போ சோதனை செய்தார். இரண்டு ஆண்டுகளில், 1920 பிப்ரவரியில், ருடால்ஃப் ஷ்ரோடர் டர்போ பொருத்திய விமானத்தில் 33,000 அடியைத் தாண்டினார். அந்த வழியில் வந்ததுதான் இரண்டாம் உலகப் போரின் பி-17 குண்டுவீச்சு விமானம். இந்த இன்ஜின்கள் பெட்ரோலில் ஓடியவை. த்ராட்டில் உண்டு, கார்புரேட்டர் உண்டு. எனவே புகை இங்கேயாவது பதிவாகியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். பி-17இன் காற்றுவழிப் படத்தைப் பார்த்ததும் எதிர்பார்ப்பு கலைந்தது. அதில் முதலில் டர்போ. அதன் பிறகு காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். அதற்கும் பிறகுதான் கார்புரேட்டர். த்ராட்டிலை மூடினாலும் அதனால் உண்டாகும் வெற்றிடம் இன்ஜின் பக்கம் இருக்குமே தவிர டர்போவைத் தொடாது.

இடையில் ஒரு நாள், வேறு வேலையாகச் சங்ககிரி போனபோது, லாரி டர்போ பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் இந்தப் படங்களைக் காட்டினேன். அவர் கார்வேரைக் கேள்விப்பட்டதில்லை. நனைந்த கம்ப்ரஸர் முதுகை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏர் ஃபில்டர் அடைச்சிருக்குதுங்க சார்," என்றார்.

"ஃபில்டர் புதுசுண்ணே. மாத்தியாச்சு."

"அப்ப முன்னால வேற ஏதோ அடைக்குது. காத்து வர்ற வழிய அடைச்சா டர்போ ஆயில இழுக்கும். எங்க வண்டில ஃபில்டர்தான் அடைக்கும். உங்க வண்டில என்ன இருக்குதோ பாருங்க."

டீசல் லாரியில் த்ராட்டில் இல்லாவிட்டாலும், தூசி அடைந்த ஃபில்டருக்குப் பின்னால் கம்ப்ரஸர் மூச்சுத் திணறி இழுக்கும்போது சக்கரத்தின் பின்னால் அழுத்தம் குறைந்து ஆயில் வெளியே வரும். டர்போவை மாற்றியும் நிற்காத ஒழுகல் ஃபில்டரை மாற்றியதும் நின்றுபோன கதைகள் அந்தப் பட்டறைத் தெருவில் சாதாரணம். நான் அடுத்துத் திறக்க வேண்டிய காகிதம் எது என்பதை அவர் சொல்லிவிட்டார்.

டெட்ராய்ட் பொது நூலகத்தில் மோட்டார் வாகன வரலாற்றுக்கென்றே ஒரு பெரிய தேசியத் தொகுப்பு இருக்கிறது. கார்வேர் உரிமையாளருக்கு அது பக்கத்தில். ஸ்பைடர் இன்ஜினுக்கான ஒர்க்‌ஷாப் கையேட்டிலிருந்து டர்போ குறுக்குவெட்டுப் படமும் காற்றுவழிப் படமும் வேண்டும் என்று எழுதினேன். படங்கள் வந்தன. ஏர் ஃபில்டர். அடுத்து கார்ட்டர் ஒய்எச் வகை ஒற்றைக் குழல் கார்புரேட்டர், பக்கவாட்டில் படுத்தபடி. அதற்குப் பிறகு டர்போவின் கம்ப்ரஸர். அங்கிருந்து குழாய் வழியே இரு பக்க சிலிண்டர்களுக்கும். விமானத்தின் வரிசை இங்கே தலைகீழ். த்ராட்டில் டர்போவுக்கு முன்னால் நிற்கிறது.

சங்ககிரிக்காரர் சொன்ன அடைப்பு இதுதான். இன்ஜினோடு கூடவே பிறந்த அடைப்பு. மிதியிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் மூடுகிறது. சிலிண்டர்கள் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. கம்ப்ரஸர் அறை முழுவதும் வெற்றிடத்தை நோக்கிப் போகிறது. ஐட்லிங்கில் ஒரு பெட்ரோல் இன்ஜினின் உள்வழியில் அழுத்தம் வளிமண்டலத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நடு ஹவுசிங்கிலோ ஏறத்தாழ முழு வளிமண்டல அழுத்தம். ஆயில் இடுக்கு வழியாகக் கம்ப்ரஸருக்குள் உறிஞ்சப்பட்டு, பெட்ரோல் கலவையோடு சேர்ந்து, நேராக சிலிண்டருக்குப் போய் எரிகிறது. இறக்கத்தில் இன்ஜின் வேகமாகச் சுற்றுவதால் வெற்றிடம் இன்னும் ஆழம், புகையும் அடர்த்தி. மேட்டில் மிதியை அழுத்தியதும் த்ராட்டில் திறந்து, கம்ப்ரஸர் அறையில் அழுத்தம் ஏறி, ஒழுகல் தானே நிற்கிறது. புகையின் நேர அட்டவணை வரிக்கு வரி பொருந்திவிட்டது.

இன்னொன்றையும் அந்தப் படம் சொன்னது. அந்தக் காலச் சிறிய காரில், நகரச் சாலையில், மிதி பாதிதான் அழுத்தப்பட்டிருக்கும். டர்போ காற்றை அழுத்தித் தள்ளும் நேரம் மிகக் குறைவு. அழுத்தம் தருவதற்காகவே செய்த கருவி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை வெற்றிடத்தில் கழித்திருக்கிறது.

வடிவமைத்தவர்களுக்கு இது தெரியுமா என்பதற்கு விடை குறுக்குவெட்டுப் படத்திலேயே இருந்தது: லேத் பட்டறைக்குப் போகும் முன் அவர் தூக்கிப் போட்ட அந்தக் கறுப்பு வளையம். அது கார்பன் சீல். கரியால் செய்த வளையத்தை ஒரு ஸ்பிரிங், ஷாஃப்ட்டோடு சுற்றும் எஃகு முகத்தின்மேல் நேராக அழுத்திப் பிடிக்கும். இரண்டு தட்டையான முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுற்றும், இடுக்கு கிடையாது. கோயம்புத்தூர் பம்ப்செட்டுகளில் மெக்கானிக்கல் சீல் என்கிறார்களே, அதே இனம். காற்றழுத்தத்தின் தயவு இதற்கு வேண்டாம். வெற்றிடம் எந்தப் பக்கம் இருந்தாலும் தாங்கும். டர்பைன் பக்கம் வழக்கமான இரும்பு வளையம், கம்ப்ரஸர் பக்கம் விலை கூடிய கார்பன் சீல் என்று ஒரே ஷாஃப்ட்டில் இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். காரணமில்லாமல் எந்தக் கார் கம்பெனியும் ஒரு காசு கூடச் செலவழிப்பதில்லை. டர்போ துறையிலேயே இருந்து எழுதிய ஹ்யூ மெக்கின்னஸின் 'டர்போசார்ஜர்ஸ்' என்ற 1976ஆம் ஆண்டு நூல் இதை உறுதி செய்தது. கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்ற விவாதத்தை அது விரிவாக நடத்துகிறது; முன்னால் வைத்தால் எப்படிப்பட்ட சீல் வேண்டும் என்பதும் அந்த விவாதத்தோடு சேர்ந்தே வருகிறது.

அப்படியானால் ஏன் முன்னால் வைத்தார்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. டர்போவுக்குப் பின்னால் வைத்தால் கார்புரேட்டருக்குள் அழுத்தக் காற்று அடிக்கும். ஃப்ளோட் அறை, ஷாஃப்ட் துளைகள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். பெட்ரோல் பம்ப்பின் அழுத்தத்தையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும். செய்ய முடியாதது அல்ல. 1957இன் ஃபோர்டு தண்டர்பேர்டில் மெக்குல்லக் சூப்பர்சார்ஜரும், 1963இன் ஸ்டூடபேக்கர் அவான்டியில் பாக்ஸ்டன் சூப்பர்சார்ஜரும் கார்புரேட்டருக்குள் காற்றை ஊதியவைதான். செலவும் தலைவலியும் அதிகம், அவ்வளவுதான். முன்னால் வைத்தால் சாதாரண கார்புரேட்டரே போதும். பெட்ரோலும் காற்றும் சுழலும் சக்கரத்தில் நன்றாகக் கலந்து போகும். விலை ஒரு கார்பன் வளையம்.

1962 வசந்தத்தில் வந்த இன்னொரு டர்போ காரும் இதே வரிசையைத்தான் பிடித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தின் மற்றொரு பிள்ளையான ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர். சில வார இடைவெளியில் வந்த இவ்விரண்டில் எது முதல் டர்போ கார் என்ற சண்டை இன்னும் நடக்கிறது; எனக்கு அதில் ஆர்வமில்லை. ஆர்வமூட்டுவது, ஒரே சிக்கலுக்கு இரண்டு வீடுகளும் கண்ட வேறு வேறு வழிகள். டர்போ வைத்தால் காற்றழுத்தம் கட்டுக்கு மீறி ஏறி இன்ஜினில் நாக்கிங் வரும். ஜெட்ஃபயர் இதை ஆடம்பரமாகச் சமாளித்தது. 10.25க்கு 1 என்ற உயர்ந்த அழுத்த விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கூடுதல் வாயுவை வெளியே விட வேஸ்ட்கேட் வைத்து, போதாததற்கு வடிகட்டிய நீரும் மெத்தனாலும் சரிபாதி கலந்த 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்ற திரவத்தைக் கலவையில் தெளித்தது. 215 கன அங்குலத்தில் 215 குதிரைசக்தி என்று விளம்பரம் செய்தார்கள். வாங்கியவர்கள் அந்தத் திரவத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். தொட்டி காலியானால் அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு இருந்தது. அதனால் 'கார் இழுக்கவில்லை' என்று புகார். இரண்டு ஆண்டு மாடல்களிலும் சேர்த்து 9,607 கார்கள்தான் விற்றன. 1965இல் கம்பெனியே டர்போவை இலவசமாகக் கழற்றிவிட்டுச் சாதாரண நாலு குழல் கார்புரேட்டர் பொருத்தித் தர முன்வந்தது. கழற்றிய டர்போக்களில் பெரும்பாலானவை கிடைக்காமலே போய்விட்டன. ஜெட்ஃபயரைப் பொறுத்தவரை காகிதம் பிழைத்துக்கொண்டது, பொருள்தான் அபூர்வம்.

கார்வேரின் வழி சிக்கனமானது. எனக்கு அதுதான் அழகாகத் தெரிகிறது. அதில் வேஸ்ட்கேட் கிடையாது. அழுத்த விகிதத்தை 8க்கு 1 என்று இறக்கினார்கள். சிறிய கார்புரேட்டரும் வேண்டுமென்றே இறுக்கமாகச் செய்த சைலன்ஸரும்தான் வேலிகள். வேகம் கூடக் கூட நுழையும் காற்றும் திணறும், வெளியேறும் வாயுவும் திணறும். டர்போ தன் எல்லைக்கு மேல் போகாது. டிஸ்ட்ரிபியூட்டரில், வெற்றிடத்துக்குத் தீப்பொறியை முன்தள்ளும் வழக்கமான டயஃப்ரத்துக்குப் பதிலாக, அழுத்தம் ஏறும்போது தீப்பொறியைப் பின்தள்ளும் டயஃப்ரம் வைத்தார்கள். வேஸ்ட்கேட் என்ற தனிப் பாகம் செய்ய வேண்டிய வேலையை அங்கே சைலன்ஸரும் கார்புரேட்டரும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ரால்ஃப் நாடரின் 1965ஆம் ஆண்டுப் புத்தகத்தால் கார்வேரை ஆபத்தான கார் என்று மட்டுமே பலர் அறிவார்கள். அந்த வழக்கு பின்சக்கர ஆக்சிலைப் பற்றியது; இன்ஜின்காரர்கள் அதில் குற்றவாளிகள் அல்லர்.

கார்பன் சீல் ஏன் மறந்துபோனது என்பதற்கும் காகிதம் விடை தருகிறது. 1970களில் டர்போவோடு பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்தது. போர்ஷே 911 டர்போ, பிறகு 1977இல் சாப் 99 டர்போ. இரண்டிலும் பாஷ் கே-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன். கார்புரேட்டர் ஒழிந்ததும் த்ராட்டில் டர்போவுக்குப் பின்னால் போய்விட்டது. பி-17இன் வரிசை திரும்பி வந்தது. கம்ப்ரஸர் அறைக்கு வெற்றிடம் இல்லை; மலிவான இரும்பு வளையமே போதும். 1978இல் பியூக் தன் வி-6 டர்போவைக் கார்புரேட்டரோடு பழைய வரிசையில் கொண்டுவந்தது. அதுவும் 1984இல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. அதற்குப் பின் வந்த கையேடுகளும், ரிப்பேர் கிட்டுகளும், பாடப் படங்களும் த்ராட்டில் பின்னால்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டே எழுதப்பட்டவை. அதை ஒரு வரியாகச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் இருந்தது. 1963இன் காரில் 1990களின் வளையத்தைப் போட்ட ஒருவருக்கு மட்டும் அந்த வரி தேவைப்பட்டது.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். அவர் வெட்டிய ஹவுசிங்கை ஒதுக்கிவிட்டு, பழைய பாகங்கள் விற்கும் ஒருவரிடம் வேறொரு ஹவுசிங்கும் புதிய கார்பன் சீலும் வாங்கினார். போட்டார். புகை குறைந்தது, நிற்கவில்லை. இந்தக் கட்டத்தில் ஆவணக்காரனுக்கு வேலை குறைவு. கார்பன் முகம் எஃகு முகத்தோடு உட்கார வேண்டுமானால் இரண்டும் எவ்வளவு தட்டையாக இருக்க வேண்டும் என்பதைச் சீல் தொழிலில் ஒளியால் அளக்கிறார்கள். ஹீலியம் விளக்கின் அடியில், மிகத் தட்டையான கண்ணாடியை முகத்தின்மேல் வைத்தால் வெளிச்சமும் நிழலுமாகப் பட்டைகள் தெரியும். ஒரு பட்டை என்றால் ஏறத்தாழ 0.3 மைக்ரான் ஏற்ற இறக்கம். தலைமுடியின் தடிமனில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டு மூன்று பட்டைக்குள் இருந்தால்தான் நல்ல முகம். அவர் பழைய எஃகு காலரை எமரித் தாளில் கையால் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார். பளபளப்பு வேறு, தட்டை வேறு. கையால் தேய்த்தால் ஓரம் எப்போதும் உருண்டுவிடும். சீல் வேலை செய்யும் கடை ஒன்றில் காலரின் முகத்தை லேப்பிங் தட்டில் தேய்த்து வாங்கினார்.

இந்த முறை வண்டியில் மாட்டும் முன், கம்ப்ரஸரின் இரு வாய்களையும் தகடு வைத்து அடைத்து, கை வேக்யூம் பம்ப்பால் இழுத்துப் பார்த்தாராம். முள் மெதுவாகத்தான் இறங்கியது. அதே சோதனையை அந்த இரும்பு வளையம் போட்ட ஹவுசிங்கிலும் செய்து பார்த்திருக்கிறார். அதில் முள் எழுந்திருக்கவே இல்லை. நான் அத்தனை காகிதம் புரட்டிக் காட்டியதை அவர் ஒரு தகட்டையும் பம்ப்பையும் வைத்துக் காட்டிவிட்டார். வண்டி இப்போது இறக்கத்தில் சுத்தமாக இறங்குகிறது.

போன வாரம் மறுபடி எழுதியிருந்தார். புகை நின்ற உற்சாகத்தில், பழைய துருப்பிடித்த சைலன்ஸரை எடுத்துவிட்டு, வாயு தாராளமாக வெளியேறும் புதிய வகை ஒன்றைப் போட்டால் கார் இன்னும் பறக்குமே, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். கையேட்டில் அழுத்த விகிதம், கார்புரேட்டர், சைலன்ஸர் மூன்றும் வரும் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.